பேச்சு இல்லை என்று எழுதிவைத்தார்கள்

மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை அந்த மனிதரின் கையில் சுற்றிவிட்டு, எண்களை வாசிப்பதற்காகக் கண்ணாடியைத் தேடினேன். கைப்பையில் இல்லை. வெள்ளைக் கோட்டின் பையிலும் இல்லை.

"எங்கை வச்சனான் இதை?" என்று எனக்குள் முணுமுணுத்தேன்.

"தலையில கிடக்கு, பிள்ளை."

கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தேன். தலையில்தான் இருந்தது.

சொன்னவர், கட்டில் விளிம்பில் குனிந்தபடி இருந்த அந்த மனிதர். எழுபத்தைந்து வயது மதிக்கலாம். வழிக்காத வெள்ளைத் தாடி. அவரைப்போல இன்னொருவரும் உள்ளே புகுந்துகொள்ளக்கூடிய பெரிய சேர்ட். பொத்தான்கள் ஓட்டை மாறிப் பூட்டப்பட்டிருந்தன. என்னைக் கட்டிலுக்குக் கட்டில் கூட்டிக்கொண்டு வந்த மேட்ரன் குசுமா அப்படியே நின்றுவிட்டார்.

காரணம் இருந்தது. சற்று முன்னர்தான் அவர் இந்த மனிதரைக் காட்டி, "மெயாட்ட கதா கரன்ட பே, டொக்டர்" என்று சிங்களத்தில் சொல்லியிருந்தார். இவருக்குக் கதைக்க ஏலாது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையிலும் அதுவே சிங்களத்தில் இருந்தது. பெயர் சிறிபால. வயது தெரியாது. பேச்சு இல்லை.

"ஐயா, உங்கடை பெயர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"தர்மலிங்கம்."

"எங்கை இருக்கிறனீங்கள்?"

யோசித்தார். நெற்றி சுருங்கியது. "கடையைத் திறக்கோணும்," என்றார். "நேரம் போட்டுது. பெடியள் வெளியில நிப்பாங்கள்."

மேட்ரன் என் தோளைத் தொட்டார். "டொக்டர், இவர் தமிழரா?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அங்கே போன காரணம்

இந்தத் தொடரைச் சென்ற கிழமை, மேற்படிப்பு முடித்துக் கொழும்புக்குத் திரும்பி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். இடையிலே பல வருடங்களைத் தாண்டி இப்போது இங்கே வந்துவிட்டேன். நினைவு அப்படித்தான் வருகிறது. நானும் அதன் பின்னால் போகிறேன்.

அது கொழும்புக்கு வெளியே இருக்கும் ஒரு காப்பகம். தெருவில் ஆள் இல்லாமல் நிற்கிறவர்களைப் பொலிஸ் பிடித்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழி முழுவதும் அந்த ஒரு கட்டடத்தின் மேல் விழுந்துவிடும். மற்ற இடங்கள் தப்பிவிடும்.

இத்தகைய காப்பகங்களில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அல்சைமர் போன்ற நோய்கள் இருக்கின்றன என்று அறிவதற்காக மருத்துவ பீடத்தில் எங்கள் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. வேலை என்னுடையது. என் வாழ்க்கை முழுவதும் இந்த நோயோடுதான் போயிருக்கிறது. வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர்கள்கூட லிஃப்டில் என்னைக் கண்டால் சுகம் விசாரிப்பதில்லை. "டொக்டர், நேற்று அடுப்பில பாலை வச்சிட்டு மறந்துபோனன், எனக்கும் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த நோய்க்கு எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அறளை. "அவருக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்த பிறகு வைத்தியம் கிடையாது, விசாரிப்புக் கிடையாது. வயது போனால் அப்படித்தான் என்று ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். மூளையில் உயிரணுக்கள் சாகிற ஒரு நோயை முதுமையின் குணம் என்று நினைக்கிறவர்களோடு நான் முப்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

டெங்குக் காலம்

எங்கள் துறையின் பேராசிரியரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம். அவரும் தமிழர்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர். கெட்டிக்காரர். அவருடைய வீட்டில் தமிழ் பேசியவர்கள் சமையலறையோடு நின்றுவிட்டார்கள்.

நினைவாற்றலை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. இன்று என்ன கிழமை, இந்த மூன்று சொற்களையும் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று போகும். ஆங்கிலத்தில் நல்லதொன்று இருக்கிறது. சிங்களத்தில் எங்கள் ஆட்களே பாடுபட்டு ஒன்றைச் செய்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். தமிழுக்கு? வேறு நாட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நகல் அடித்து மேசையில் வைத்தார்கள். இங்கே ஒருவரிடமும் சோதித்துப் பார்க்கவில்லை.

அதில் ஒரு கேள்வி: "இப்போது என்ன பருவம்?"

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா, துறைமுக அலுவலகமொன்றில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைச் சற்று நேரம் பார்த்தார். கொழும்பில் பருவம் ஏது? வெயில், மழை, பிறகும் வெயில்.

"டெங்குக் காலம்," என்றார்.

அந்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் டெங்கு நோயாளிகள் நிலத்திலே பாய் போட்டுக் கிடந்தார்கள். அதைவிடச் சரியான பதில் இருக்க முடியுமா? நான் முழுப் புள்ளி போட்டேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டுப் பூச்சியம் போட்டார். விடைத்தாளில் 'கார்காலம்' என்று இருந்ததாம்.

அந்தப் பூச்சியத்தையும் சேர்த்துக் கூட்டினால் அந்த அம்மா நோயாளி. சேர்க்காவிட்டால் சுகதேகி. நான் விடவில்லை. பேராசிரியரின் அறையில் போய் நின்று, தமிழுக்கும் முறையாக ஒரு கேள்வித்தாள் செய்ய வேண்டும் என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு முடிவு சொன்னார்.

"தமிழ் பேசுகிறவர்களை இந்தச் சுற்றில் விட்டுவிடுவோம். மொழி ஒரு சிக்கல்."

சிக்கலை அவிழ்ப்பதற்குப் பதிலாக மனிதர்களை வெட்டி எறிந்தார். ஆய்வின் விதிமுறையிலும் அது ஏறிவிட்டது. தமிழ் பேசுகிறவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்.

ஆகவே அன்றைக்கு அந்தக் காப்பகத்தில் நான் பார்ப்பதற்கு அனுமதிக்கப்பட்டிருந்தது சிங்களவர்களை மட்டும்தான். தர்மலிங்கம் என்ற பெயர் அட்டையில் இருந்திருந்தால் அவருடைய கட்டிலைத் தாண்டிப் போகச் சொல்லியிருப்பார்கள். சிறிபால என்று யாரோ பெயர் வைத்ததால்தான் நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

பிந்தி வந்த மொழி

அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்கு அன்று மத்தியானமே ஓரளவு விளங்கிவிட்டது. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இந்த நோய் வந்தால், பலரிடம் பிந்திக் கற்ற மொழி முதலில் போகிறது. சிறுவயதில் வாயில் ஏறிய மொழி கடைசிவரை நிற்கும். இவரிடமும் ஒரு காலத்தில் சிங்களம் இருந்து போயிருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் எனக்கு நோயாளியாக இருந்தார். வேலை, வீடு, நண்பர்கள் எல்லாம் ஆங்கிலம். மகன்மாரையும் அப்படியே வளர்த்தார். நோய் முற்றியபோது அவரிடமிருந்து ஆங்கிலம் கழன்று போய், நல்ல யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் மிஞ்சியது. மகன்மார் இருவரும் என் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்து, தங்கள் தகப்பன் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. ஆனால் அவர் தன் வீட்டில் இருந்தார். தண்ணீர் கேட்டால் கை ஜாடையிலாவது யாரோ கொடுத்தார்கள்.

அந்தச் சத்தம்

காப்பகத்துக்குத் திரும்புகிறேன்.

நான் தர்மலிங்கம் ஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் அந்தரப்படத் தொடங்கினார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். "ஒண்டுக்கு," என்றார். வாயில் பல் இல்லை. சொல் நசிந்து வந்தது. "ஒண்டுக்கு, ஒண்டுக்கு."

"இதுதான் டொக்டர்," என்றார் மேட்ரன். "இந்தச் சத்தம்தான். வந்த நாளிலிருந்து. பின்னேரமானால் இன்னும் கூட. மற்றவர்கள் குழம்புகிறார்கள் என்று வைத்தியர் ஒரு மாத்திரை எழுதினார். அதைக் குடித்தால் ஓய்ந்துவிடுவார். மாத்திரை முடிந்து இரண்டு நாளாகிறது, இன்னும் வரவில்லை."

நான் அவருடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். துணி கட்டிய தடம். இரண்டு கையிலும்.

"அது சத்தமில்லை," என்று சிங்களத்தில் சொன்னேன். "சிறுநீர் கழிக்கப் போகவேண்டும் என்று கேட்கிறார். இவ்வளவு நாளும் அதைத்தான் கேட்டிருக்கிறார்."

குசுமா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஐயாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கழிப்பறை வாசலில் அவர் என் கையை எடுத்துவிட்டார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகவே உள்ளே போனார். "கதவைச் சாத்து பிள்ளை," என்றார்.

இந்த மனிதரைத்தான் கட்டிலோடு கட்டி, நனைந்த மெத்தையில் படுக்க வைத்திருந்தார்கள்.

தமிழ் தெரியாது என்பது குற்றமில்லை. ஆனால் அது தமிழ் என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் பஸ்ஸில் ஏறுகிற எவருக்கும் அந்த ஓசை தெரியும். காது கொடுத்தால் போதும். பஸ் நிலையத்தில் அவரைப் பிடித்த பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், பதில் வரவில்லை, ஊமை என்று எழுதினார். எழுதியதை நீதிமன்றம் நம்பியது. நீதிமன்றத்தைக் காப்பகம் நம்பியது. காப்பகத்தை வைத்தியர் நம்பினார். அவர் வாயிலிருந்து வந்ததை நம்பத்தான் ஆளில்லை.

மனோ

வீடு எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை. துண்டு துண்டாகச் சில சொற்கள் வந்தன. கொட்டாஞ்சேனை. மாதா கோயில். மனோ. மனோ யார் என்று கேட்டேன். "மனோதான்," என்றார், எனக்கு அதுகூடத் தெரியாதா என்பது போல.

மேட்ரனிடம் அனுமதி கேட்டுக் கைத்தொலைபேசியில் அவருடைய முகத்தைப் படமெடுத்தேன். அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் மாதா கோயிலுக்குப் பின்பக்கம் ஓட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு தேநீர்க் கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது தர்மண்ணையெல்லோ," என்றார். "புறக்கோட்டையில பூட்டுக்கடை வச்சிருந்தவர். ஆள் இருக்கிறாரோ, டொக்டர்? அந்த அக்கா தேடாத இடமில்லை."

மனோன்மணி அக்காவின் வீடு பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. எழுபதைத் தொட்ட, மெலிந்த, நிமிர்ந்த பெண். நான் யாரென்று சொல்லி, ஐயா உயிரோடு இருக்கிறார் என்றேன். அவர் அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடுறாரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"பல்லுச் செட்டை இஞ்ச விட்டிட்டுப் போட்டார். சோறு குழைச்சுக் குடுத்தால்தான் சாப்பிடுவார். அவையளுக்குத் தெரியாதே."

உள்ளே போய் ஒரு சிறிய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பல் செட் தண்ணீரில் கிடந்தது. ஐயா காணாமல் போய் ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றியிருக்கிறார்.

வாசலில் கிடைத்த பதில்

"நான் குளிக்கப் போன நேரம்," என்று மனோன்மணி அக்கா சொல்லத் தொடங்கினார். "கதவைத் திறந்துகொண்டு போட்டார். கடை திறக்கத்தான் போயிருப்பார். கடையை வித்துக் கனகாலம், டொக்டர். ஆனால் காலமை எழும்பினால் கடை ஞாபகம்தான். எந்த பஸ்ஸில ஏறினாரோ. அடையாள அட்டை மேசையில கிடந்தது."

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். பெரியாஸ்பத்திரி, களுபோவில என்று ஒவ்வொரு வாட்டாக ஏறி இறங்கியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மகள் முகநூலில் படம் போட்டிருக்கிறாள். பொலிஸ் முறைப்பாட்டில், 'தமிழர், சிங்களமும் தமிழும் நன்றாகக் கதைப்பார்' என்று இருந்தது. காப்பகத்தில் இருந்தவரோ பேச்சில்லாத சிறிபால. இந்த இரண்டு தாளையும் யார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

"அந்த இடத்துக்கும் போனனான்," என்றார் அவர்.

"எந்த இடத்துக்கு?"

"நீங்கள் சொல்லுற இடத்துக்குத்தான். கேற்றில ஒராள் நிண்டவர். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கேட்டனான், தமிழ் ஆள், வயசு போனவர், வந்தவரோ எண்டு. 'தெமள கெனெக் நே' எண்டு சொன்னவர். தமிழர் ஒருத்தரும் இல்லையாம். ஒரு ஊமை மனிசன் இருக்கிறாராம், வேற புது ஆக்கள் இல்லையாம். நான் சொன்னனான், இவர் நல்லாக் கதைப்பார், அப்ப இவரில்லை எண்டு. சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திட்டன்."

வாசலுக்கும் அவருடைய கட்டிலுக்கும் இடையில் ஒரு முற்றம்தான் இருந்தது. நான் அந்த முற்றத்தை நடந்து கடந்திருக்கிறேன்.

"அவற்ற சிங்களத்தைக் கேட்டால் ஒருத்தரும் தமிழன் எண்டு சொல்லமாட்டினம்," என்று அவர் தொடர்ந்தார். "புறக்கோட்டையில பழகின சிங்களம். எண்பத்திமூண்டில, அந்த ஆடிக் கலவரத்தில, தமிழ் ஆக்களைத் தேடித் திரிஞ்சவங்கள் எங்களை மறிச்சுப்போட்டாங்கள். இவர்தான் கதைச்சவர். நான் வாய் திறந்தால் பிடிபட்டுடுவன். 'இவள் என்ர மனிசி, ஊமை' எண்டு இவர் சொன்னவர். சிரிச்சுக்கொண்டு சொன்னவர். அவங்கள் விட்டிட்டாங்கள்."

அவர் உள்ளே போய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

சிறிபாலவை எப்படிக் கொடுப்பது

மறுநாள் காலை இருவருமாகப் போனோம். மனோன்மணி அக்கா இஸ்திரி போட்ட சேர்ட் ஒன்றும் பல் செட்டும் கொண்டு வந்திருந்தார். மண்டபத்துக்குள் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றார். தர்மலிங்கம் ஐயா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

"ஓம். நீங்கள்?"

"இஞ்ச சோறு சரியில்லை."

அக்கா குனிந்து அவருடைய சேர்ட்டை மாற்றத் தொடங்கினார். கையைச் சட்டைக்குள் விடும்போது மணிக்கட்டைக் கண்டார். பெருவிரலால் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே சிங்களத்தில் மேட்ரனிடம் ஏன் என்று கேட்டார். அந்த ஒரு சொல்தான்.

குசுமா மறைக்கவில்லை. இரவில் மண்டபம் முழுவதற்கும் ஒரே ஒரு பணியாளர்தான். எழும்பி நடந்தால் விழுந்துவிடுவார்கள் என்று கட்டுகிறோம் என்றார். தமிழ் தெரிந்த ஒருவரைத் தாருங்கள் என்று மேலே பலமுறை கேட்டதாகவும், தமிழர் இல்லாத இடத்துக்கு எதற்குத் தமிழ் தெரிந்த ஆள் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். நான் அதை மனோன்மணி அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு அலுவலகத்துக்குப் போனோம். அங்கேதான் உச்சம். பொறுப்பதிகாரி தர்மலிங்கத்தின் அடையாள அட்டையைப் பார்த்தார். திருமணச் சான்றிதழைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இங்கே அப்படி ஒருவரும் இல்லை," என்றார். "இருப்பவர் சிறிபால. நீதிமன்றக் கட்டளையும் சிறிபாலவுக்குத்தான். தர்மலிங்கத்தின் மனைவியிடம் சிறிபாலவை எப்படி ஒப்படைப்பது?"

"சிறிபால என்று பெயர் வைத்தது யார்?" என்று கேட்டேன்.

"பெயர் இல்லாமல் பதிய முடியாது. பொலிஸ் ஏதாவது ஒன்றைப் போடும்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவரைக் கூட்டிக்கொண்டுதான் போவேன், நீங்கள் எடுக்க வேண்டிய தொலைபேசி அழைப்புகளை எடுங்கள் என்றேன். அவர் எடுத்தார். ஒரு மேலதிகாரி, அவருக்கு மேல் இன்னொருவர். அடையாள அட்டையின் படமும் எதிரில் இருக்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்க்கும் எளிய வேலையைச் செய்ய ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. கடைசியில், சிறிபால என்பவரும் தர்மலிங்கம் என்பவரும் ஒருவரே என்று மருத்துவர் என்ற முறையில் நான் எழுதிக் கையொப்பமிட்டேன். அதைக் கொண்டுபோய் நீதவானிடம் காட்டி, கட்டளை பெற்று, பின்னேரம் அவரை ஓட்டோவில் ஏற்றினோம்.

புறப்படும்போது குசுமா என் பக்கம் வந்தார். தன் கைத்தொலைபேசியை நீட்டினார். "டொக்டர், அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சொல்லை இதில் பதிவாகச் சொல்லுங்கள். தண்ணீர், பசி, நோகிறது, இவற்றையும்." சொன்னேன். அவர் கூடவே சொல்லிப் பார்த்தார். அவருடைய வாயில் 'நோகுது' வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

நல்ல கேஸ்

இதையெல்லாம் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய கண் மின்னியது.

"அருமையான கேஸ்," என்றார். "இரண்டாம் மொழி முற்றாக இழந்திருக்கிறார். உடனே எழுது. எந்தச் சஞ்சிகையும் எடுத்துக்கொள்ளும்."

"எழுதலாம், சேர். ஆனால் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாதே. எல்லாக் காப்பகங்களிலும் தமிழில் பரிசோதிக்க வேண்டும்."

"ஒரு கேஸை வைத்து விதிமுறையை மாற்ற முடியாது." பேனாவை எடுத்து எதையோ குறித்தார். "ஒன்று செய். இவரை ஆய்விலிருந்து எடுத்துவிடு. இப்போது தமிழர் என்று தெரிந்துவிட்டதே."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சிறிபாலவாக இருந்தபோது அவர் ஓர் எண்ணாகவாவது இருந்தார். சொந்தப் பெயர் கிடைத்ததும் அதுவும் போய்விட்டது.

"அப்ப என்ர பெயரையும் எடுத்துவிடுங்கோ, சேர்," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

ஆய்வு நான் இல்லாமல் முடிந்தது. வெளிவந்தது, பாராட்டும் கிடைத்தது. இலங்கையின் முதியோர் என்று தலைப்பிலே இருக்கிறது. தமிழ் பேசும் ஒருவரும் அதற்குள் இல்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

நான் விடுமுறை நாட்களில் தனியாகக் காப்பகங்களுக்குப் போகத் தொடங்கினேன். கேள்வித்தாள் எதையும் கொண்டு போகவில்லை. மண்டப வாசலில் நின்று, "இஞ்ச ஆராவது தமிழ் கதைக்கிற ஆக்கள் இருக்கிறியளோ?" என்று உரத்துக் கேட்பேன். சில இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. சில இடங்களில் தலைகள் திரும்பின. மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பெண், பேச்சில்லை என்று எழுதப்பட்டவர், என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசினார். பாதி விளங்கவில்லை. அது நோயால். மீதியை எவராவது கேட்டிருக்கலாம்.

தமிழுக்கான கேள்வித்தாள் ஒன்றைச் சில வருடங்கள் எடுத்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மருதானையிலும் ஆட்களிடம் சோதித்து, நானும் உதவ வந்த சிலருமாகச் செய்து முடித்தோம். அதில் பருவம் பற்றிய கேள்வி இல்லை.

வந்த பதில்

தர்மலிங்கம் ஐயா அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். நோய் தன் வேலையைச் செய்தது. கடை போனது, பூட்டு என்ற சொல் போனது, கடைசியில் மனோ என்ற பெயரும் போனது. ஆனால் ஒண்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்தது. தன் கட்டிலில், நனையாத படுக்கையில், ஒரு காலை நேரம் இறந்தார். செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன்.

ஐயா வீட்டுக்கு வந்த கிழமையே மனோன்மணி அக்கா ஒரு முறைப்பாடு அனுப்பியிருந்தார். உரிய அலுவலகத்துக்கு, தமிழில், தன் கையாலேயே எழுதினார். இழப்பீடு கேட்கவில்லை. ஏன் கட்டினீர்கள், ஏன் என்னைத் திருப்பி அனுப்பினீர்கள், இனி வருகிறவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், இவ்வளவுதான்.

ஐயாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை அவர் வெள்ளவத்தைக்கு என் வீட்டுக்கு வந்தார். கையில் நீளமான மண்ணிற உறை ஒன்று இருந்தது.

"பதில் வந்திருக்கு, டொக்டர். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

பிரித்தேன். சிங்களத்தில் இருந்தது. முதல் எழுத்திலிருந்து முத்திரை வரைக்கும் சிங்களம். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. மொழி விளங்காமல் ஒரு மனிதரைக் கட்டிப் போட்டது ஏன் என்று கேட்ட பெண்ணுக்கு, அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் பதில் அனுப்பியிருந்தார்கள்.

வாசித்துச் சொன்னேன். விடயம் ஆராயப்பட்டதாம். குறிப்பிட்ட நபருக்கு உரிய பராமரிப்பு வழங்கப்பட்டதாம். மேலதிகமாக எதுவும் தெரிவிக்க விரும்பினால் எழுத்தில் அறிவிக்கலாமாம்.

அவர் மடியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எழுதுவம்," என்றார். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. என்ர கை இப்ப நடுங்குது."

எழுதினேன். அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, திருப்பிக் கேட்கவுமில்லை. இரண்டு பக்கம் வந்தது. சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதி இணைக்கட்டுமா என்று கேட்டேன். அதைச் செய்ய எனக்கு அரை மணி நேரம் போதும்.

"வேண்டாம்," என்றார். "தமிழிலயே போகட்டும்."

"அவையளுக்கு விளங்காது, அக்கா."

"விளங்கிற ஒராளைத் தேடட்டும்," என்று சொல்லிவிட்டு, பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் கையொப்பம் வைத்தார்.